அளக்காமல் எழுதிய ஐந்நூற்றுப் பன்னிரண்டு

என்ன வேலை செய்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். பெரிய பிழையில்லை. ஆனால் என்னுடையது அதற்கும் ஒரு படி முந்திய வேலை. ஒரு மின்கருவிக்கு சுவிட்சைப் போட்டதும் உள்ளே முதலாவதாகக் கண்விழிக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று உண்டு. அதை பூட்லோடர் என்போம். அது எழுந்து, கருவிக்குள் என்னென்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய புரோகிராமை எழுப்பும். அது தடவிப் பார்ப்பதில் முக்கியமானது, ரேம் என்கிற நினைவகம் எவ்வளவு இருக்கிறது என்பது. எங்கள் கருவியில் அதைக் கண்டுபிடிக்கிற பகுதியை எழுதியவள் நான். அதை அடைத்துப் போட்டவளும் நானேதான். அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது. நியாயம் கேட்க இதை எழுதவில்லை. எனக்கு நியாயம் கேட்கிற தகுதியும் இல்லை.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வீதியில், ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கந்தோர், அதாவது ஆபீஸ். எட்டுப் பேர். தேயிலை ஃபக்டரிகளில் கொழுந்தைப் பரப்பிக் காயவிடுகிற மாடி இருக்கிறதல்லவா, அங்கே நீளநீளத் தொட்டிகளுக்கு அடியில் ஃபேன் ஓடும். எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகம், காற்றில் ஈரம் எத்தனை என்று பார்த்து அந்த ஃபேனை நடத்துகிற பெட்டியைத்தான் நாங்கள் செய்தோம். போர்டுகள் வெளிநாட்டிலிருந்து வரும். புரோகிராம் எங்களுடையது. பெட்டியின் முகப்பில் கையகலத் திரை, அதன் மேல் மூலையில் ரேம் அளவு சின்ன எழுத்தில் தெரியும்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மாறவில்லை. எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல் ஒரு ஆணி அடிக்க மாட்டார். கந்தோருக்குப் புதுக் கதிரை வாங்கினால்கூட வியாழக்கிழமை வரை அதில் ஒருவரும் உட்காரக்கூடாது. நாங்கள் நின்றுகொண்டே வேலை செய்த நாளெல்லாம் உண்டு!

ராத்தா கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் நான் அவரை ராத்தா என்பேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வருகிற போர்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது அவர் வேலை. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டைப் பிடித்து, ஈயம் வைத்த இடமெல்லாம் பார்த்து, பிறகு மின்சாரம் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, திரையில் வருவதைச் சோதனைத் தாளில் குறித்து, கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மயிரளவு வெடிப்பைக்கூட "இங்க ஒண்டு ஈக்கி" என்று விரல் வைத்துக் காட்டுவார். மத்தியானத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்து நடுவில் வைத்து, என் பக்கம் தள்ளிவிடுவார். கந்தோரில் எனக்கு மிஸ் என்று பெயர். சாப்பிடும்போது மட்டும் தங்கச்சி.

இரண்டு வருடமாக அவர் தற்காலிகம். பெருநாள் கழிந்ததும் நிரந்தரக் கடிதம் தருவதாக சேர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காக ராத்தா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். காரணத்தை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"வாப்பா ஒரு பேச்சுத்தான் செல்லி ஈக்கிறாரு தங்கச்சி. நிரந்தரமாக்கினா போ. இல்லாட்டி வீட்ல நில்லு, வார சம்பந்தத்துக்குத் தலையாட்டு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் செல்ற? கடிதம் வரும்னு சென்னன். வந்தா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. எனக்கு இந்த வேல வேணும். வீட்டுச் செவரப் பாத்துக்கிட்டு ஈக்க ஏலாது என்னால."

இதை எனக்குச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

முதல் பெட்டி தயாரானபோது சேர் ஒரு விழா வைத்தார். வாங்கப்போகிற கம்பனியின் பெரியவர் வந்து சுவிட்சைப் போடுவதாக ஏற்பாடு. சாத்திரியார் குறித்துக் கொடுத்த நேரம் காலை பத்து முப்பத்தேழு. முதல் நாள் பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். சுவிட்சைப் போட்டோம். திரை கறுப்பு. சேர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"என்ன பிள்ளை, செத்துப்போய்க் கிடக்கு?"

"மெமரி செக் பண்ணுது சேர். நாப்பது செக்கன் எடுக்கும்."

"நாப்பது செக்கனோ! நல்ல நேரத்தில சுவிட்ச் போட, திரை கறுப்பாக் கிடக்கிறதோ? இதைவிட அபசகுனம் வேறென்ன வேணும்?"

"நாப்பது செக்கன் முன்னாடியே சுவிட்ச போட்டுட்டா சரிதானே சேர்?"

"உமக்கு விளங்கேல்லை பிள்ளை. அதுக்கு முன்னால நேரம் சரியில்லை. சுவிட்சும் பத்து முப்பத்தேழுக்கு விழவேணும், திரையும் பத்து முப்பத்தேழுக்கு வெளிக்கவேணும். அந்தச் செக்கைத் தூக்கும்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பது செக்கனுக்குள் இரண்டு வேலை நடந்தது. ரேமில் உள்ள ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்து, பழுது இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. நேரமெல்லாம் அதற்குத்தான் போனது. ரேம் எவ்வளவு என்று அளப்பது மற்றது. அதற்குக் கண் இமைக்கிற நேரம் போதும். முதல் இடத்தில் ஓர் எண்ணை எழுது. பாதி எல்லையைத் தாண்டி வேறோர் எண்ணை எழுது. திரும்பி வந்து முதல் இடத்தைப் பார். நீ எழுதினது அப்படியே இருந்தால் இரண்டும் வேறு வேறு இடம். இரண்டாவது எண் அங்கே வந்து உட்கார்ந்திருந்தால், பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். தோட்டத்தில் பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை, உள்ள லயத்து வரிசையை இருபது காம்பரா என்று நம்பி ஒருவன் சாமான் இறக்கினால், பதினோராவது காம்பராவுக்கு என்று கொண்டுபோனது முதல் காம்பராவில்தான் போய் விழும், அங்கிருந்ததை நசுக்கிக்கொண்டு. ரேமும் அப்படித்தான்.

ஆக, பழுது பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, அளப்பதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். நாலு வருடம் பேராதனையில் படித்துவிட்டு வந்து சாத்திரியாருக்காகப் புரோகிராம் எழுதுவதா என்று மண்டை கொதித்தது. சரி, உங்கள் சாமான், உங்கள் நேரம், எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று முழுப் பகுதியையும் ஒரே வரியில் அடைத்தேன். அளவு கேட்கிற இடத்தில் 512 என்று கையால் எழுதினேன். எங்கள் போர்டில் அப்போது இருந்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்தான், பொய்யில்லை. ஆனால் அளந்து சொன்னதில்லை. கோபக்காரிக்கும் புத்தி மட்டுத்தான்.

மறுநாள் பத்து முப்பத்தேழுக்கு விளக்கேற்றி, பெரியவர் சுவிட்சைப் போட, திரை பளிச்சென்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பாற்சோறு வெட்டினார்கள். சேர் என் பக்கம் வந்து "பாத்தீரே!" என்றார், ஏதோ அவரே எழுதின மாதிரி.

விழா முடிந்த கிழமை, அந்த வாரத்துக்குள்ளேயே, நான் அவரிடம் போய், செக்கை மறுபடி போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். கேட்டதென்னவோ உண்மை.

"நல்ல நேரத்தில கண் திறந்த சாமான் பிள்ளை. அதில ஒரு எழுத்தும் மாத்தப்படாது. இதே புரோகிராம்தான் எல்லாப் பெட்டிக்கும் போகவேணும்" என்றார்.

நான் இன்னும் ஒருதரம் சொல்லியிருக்கலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அடுத்த தொகுதியாகப் பதினெட்டுப் போர்டுகள் வந்தது நோன்பு மாதத்தில். பெருநாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. நான் வேறொரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஈரம் பார்க்கிற கருவி மழை நாளில் கண்டபடி உளறியது. மூன்று நாளாகப் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து ராத்தா ஒரு போர்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"மிஸ், இந்த சிப்புல கடைசி எழுத்து வேற மாதிரி ஈக்கி. பழைய போர்டுல இப்பிடி இல்ல. கொஞ்சம் பாத்துச் செல்லுங்களேன்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்கிரீன்ல என்னா காட்டுது?"

"ஐந்நூத்திப் பன்னெண்டு."

"அப்ப ஐந்நூத்திப் பன்னெண்டுதான். சும்மா எழுத்தெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க ராத்தா, மாத்தி மாத்தித்தான் அடிப்பாங்க. போட்டு அனுப்புங்க."

"மெய்யாத்தானே? நான் கையெழுத்து வெக்கிற."

"மெய்யா, மெய்யா. வைங்க."

அவர் போனார். நோன்போடு நின்றிருந்தார், உதடெல்லாம் காய்ந்துபோய். திரையில் காட்டுகிற எண் நான் கையால் எழுதினது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. இதை யாராவது நம்புவார்களா தெரியாது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதான். பெட்டிக்குள் எதைப் போட்டாலும், ஒன்றுமே போடாவிட்டாலும், அந்தத் திரை ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் சொல்லியிருக்கும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒரு திரை சொன்னது, அதைச் சொல்ல வைத்த நானே கேட்டு நம்பினேன். சந்தேகப்பட்ட ஒரே ஒருவரை அதட்டி அனுப்பினேன். ராத்தா பதினெட்டுத் தாளில் கையெழுத்து வைத்தார்.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது கலஹாப் பக்கத்து ஃபக்டரி ஒன்றிலிருந்து காலையில் தொலைபேசி வந்தது. பெட்டி நின்றுவிட்டது, கொழுந்து பழுதாகிவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்று. நான்தான் போனேன். பேராதனையில் இறங்கி கலஹா பஸ்ஸில் ஏறி, ஒரு கூடைக்கும் ஒரு குழந்தைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மாடிப் படியேறும்போதே மூக்கில் அடித்தது. காய்கிற கொழுந்தின் வாசனை சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம். இது அதில்லை. அவிந்துபோன வாடை.

மாடியில் வேலை செய்கிறவர் ஐம்பது வயதுக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆறு நாளா நல்லாத்தான் ஓடுச்சு மிஸ். இன்னிக்குக் காலையில வந்து பாக்குறேன், ஸ்கிரீன்ல கண்ணாபின்னான்னு என்னென்னமோ எழுத்து. ஃபேன் நின்னு கெடக்கு. தொட்டியில கைய விட்டுப் பாத்தா அடிக்கொழுந்து சுடுது, செவந்து போச்சு. நான் ஒண்ணுமே தொடல மிஸ், சத்தியமா. டீமேக்கர் ஐயா என்னயத்தான் ஏசுறாரு."

"நீங்க ஏன் பயப்படுறீங்க? மெசின் பிழைங்க. நான் அவருகிட்ட சொல்றேன்" என்றேன். சொல்லவும் சொன்னேன். ஃபக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் அறைக்குப் போய், அந்த மனிதர் மேல் ஒரு பிழையும் இல்லை, எங்கள் பெட்டியில்தான் பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். மாடிக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்தேன். சிப்பில் அடித்திருந்த கடைசி எழுத்து, ராத்தா சொன்ன மாதிரியே, வேறாக இருந்தது. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். இருநூற்று ஐம்பத்தாறு. போர்டு செய்கிறவன் பாதி ரேம் போட்டு அனுப்பியிருக்கிறான். எங்கள் புரோகிராம் ஈரக் கணக்கையும் வெப்பக் கணக்கையும் அடியிலிருந்து மேலே அடுக்கிக்கொண்டே போகும், 512 நிரம்பினால்தான் பழையதை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கும். ஆறு நாளில் பாதி நிரம்பியது. ஏழாம் நாள் பாதியைத் தாண்டி எழுதப் போனது முதல் காம்பராவில் விழுந்தது. அங்கே இருந்தது புரோகிராமேதான். தன் தலையில் தானே எழுதிக்கொண்டு செத்துப்போனது. ராத்தாவின் ஒரு மணி நேரச் சோதனையில் இது தெரிய வழியே இல்லை. நான் அடைத்த அந்தப் பகுதி திறந்திருந்தால், சுவிட்ச் போட்ட கணத்திலேயே 256 என்று திரையில் வந்திருக்கும். ராத்தா அன்றே பதினெட்டையும் ஒதுக்கி வைத்திருப்பார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வசனம்கூட அடுக்கி வைத்தேன். "சேர், செக்க தூக்கச் சொன்னது நீங்க, முழுசா தூக்கினது நான், ராத்தா என்கிட்ட கேட்டாங்க, நான்தான் அனுப்பச் சொன்னேன்." நாலு துண்டு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை சேரின் அறையில் மூன்று பேர் இருந்தோம்: சேர், ராத்தா, நான். மேசையில் பதினெட்டுத் தாளும் விரிந்து கிடந்தன. இரவுக்குள் இன்னும் இரண்டு ஃபக்டரியில் பெட்டி நின்றிருந்தது. வாங்கின கம்பனி, யாருடைய பிழை, அவர் மேல் என்ன நடவடிக்கை என்று எழுத்தில் கேட்டிருந்தது. பதில் திருப்தியில்லை என்றால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார்களாம்.

"இது ஆற்ற கையொப்பம்?" என்றார் சேர்.

"என்ட கையெழுத்துத்தான் சேர்."

"பாதி ரேம் போட்ட போர்டை எப்பிடிப் பிள்ளை சரியெண்டு விட்டனீர்?"

"ஸ்கிரீன்ல ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு வந்திச்சு சேர்."

"திரை சொன்னா? சிப்பில எழுதிக் கிடக்கே, அதைப் பாக்கேல்லையோ? கண்ணாடி ஒண்டு வாங்கித் தந்தது என்னத்துக்கு?"

 ராத்தா திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. ஒருவர் பேசி முடித்து, அடுத்தவர் பேசுவதற்காகக் காத்திருப்போமே, அப்படிப் பார்த்தார்.

எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? அடுக்கி வைத்த நாலு துண்டும் தொண்டைக்குள் இருந்தன. ஆனால் அதற்கு மேலே வேறு என்னென்னவோ ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கள் தோட்டத்திலிருந்து இஞ்சினியரான முதல் பெண் நான். கோவிலில் மாலை போட்டு, மைக்கில் பேர் சொன்னார்கள். இந்தக் கந்தோரில் சேர்ந்த புதிதில், பேசுவது சரியில்லை, உடுப்பது சரியில்லை, தோட்டத்துப் பிள்ளைதானே என்று காதுபடச் சொன்னவர்கள் உண்டு. ஒரு பிழை விட்டால் போதும், மறுபடி அந்தப் பேச்சு வந்துவிடும். நான் மேசையைப் பார்த்தேன்.

"நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?" என்று சேர் என்னைக் கேட்டார். கேட்கும்போது அவர் கண்ணும் ஒரு மாதிரி இருந்தது. நாற்பது செக்கனைத் தூக்கச் சொன்னவருக்கு அது மறந்திருக்குமா? மறக்கவில்லை. நான் சொல்லிவிடுவேனோ என்று அவருக்கும் பயம். சீ! இரண்டு திருடர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சிப் நம்பர பாத்திருக்கணும் சேர்" என்றேன்.

சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இது சும்மா இருந்ததைவிட மோசம். ராத்தா பார்த்தார். அவர் ஒருவர்தான் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார். இந்த அறையில் அது தெரிந்த இரண்டே பேரில் ஒருத்தி இப்படிச் சொல்கிறேன், மற்றவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அது எனக்கு வெறும் பழமொழியாக இல்லை.

 பெருநாளுக்குப் பிறகு வரத் தேவையில்லை என்று சேர் ராத்தாவிடம் சொன்னார். தற்காலிகம்தானே, கடிதம் எழுதக்கூடத் தேவைப்படவில்லை. ராத்தா அலுமாரிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் மேசையைத் துடைத்தார், பூதக்கண்ணாடிக்கு உறை போட்டார், கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். கம்பனிக்குப் பதில் அனுப்ப வேண்டியிருந்தது. "சோதனையில் கவனக்குறைவு, சம்பந்தப்பட்டவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்." எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அந்தக் கிழமையே அளக்கிற பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதினேன். அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. சேர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. "நல்ல வேலை பிள்ளை" என்றார். நாலு மாதத்தில் என்னைப் பொறுப்பாளராக்கினார். அம்மா கோவிலில் பொங்கல் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கெலிஓயாவுக்குப் போனேன்.  முதலில் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைப்பேன், பிறகு அடுத்த ஞாயிறு. கடைசியில் ஒருநாள், பெரிய மழைக்கு நடுவில், கண்டியிலிருந்து கம்பளை பஸ்ஸில் ஏறி இறங்கி, கடைத்தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ராத்தாதான் கதவைத் திறந்தார். துவாய் கொடுத்து, கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். உள்ளே பெண்களின் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் அவருக்கு நிக்காஹ் என்று சொன்னார். மாப்பிள்ளை நல்ல மனிதராம். ஆனால் வேலைக்குப் போகிற பேச்சை எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

"வாப்பா ஒண்டும் ஏசல்ல மிஸ். 'நான் செல்லல்லயா'ன்னு ஒரு சொல்லுத்தான் சென்னாரு. நான் தலையாட்டிட்டன்."

மிஸ் என்றார். தேத்தண்ணிக் கோப்பை நடுவில் இருந்தும் தங்கச்சி இல்லை.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது செக்கன், கோபம், 512, அடைத்த பகுதி. அழுகையும் வந்தது, வெட்கமில்லாமல். 

"தெரியும் மிஸ்" என்றார் ராத்தா.

"எப்ப?"

"நீங்க கலஹாவுக்குப் போன அண்டைக்கே. அங்க பெட்டி நிண்டிட்டுன்னதும் எனக்கு அந்த எழுத்துத்தான் ஞாபகம் வந்திச்சு. ரேம் கழட்டி வெச்ச பழுதுப் போர்டு ஒண்டு மேசையில கெடந்திச்சு. அதுல எங்கட புரோகிராமப் போட்டு, வாரதக் கம்ப்யூட்டர்ல பாத்தன். ரேமே இல்ல, மத்தது ஒண்டும் வரவும் இல்ல, ஆனா மொத வரி ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு வந்திச்சு. அப்பவே வெளங்கிட்டு."

அந்தச் சோதனையை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. பட்டம் எனக்கு.

"அப்ப ஏன் சேர்கிட்ட சொல்லல நீங்க?" என்றேன். கேட்கும்போதே அசிங்கமாக இருந்தது.

"நான் சென்னா யாரு நம்புற? தப்பிக்கப் பாக்குறான்னு செல்லுவாங்க. நீங்க செல்லணும். அதுக்குத்தான் ஒங்கட மொகத்தப் பாத்தன்."

"இப்ப போய்ச் சொல்றேன் ராத்தா. நாளைக்கே. எழுதிக் குடுக்குறேன்."

"வேணாம். இப்ப செல்லி யாருக்கு? மாப்புள வீட்டுக்குக் கேட்டா அது வேற கத." அவர் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி. "ஒண்டு மட்டும் செல்லுங்க. பயத்துல செல்லாம ஈந்தீங்களா, இல்லாட்டி போறது நான்தானேன்னு விட்டீங்களா?"

"பயம்தான் ராத்தா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். கேட் வரை வந்து குடை பிடித்து விட்டார். பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. பயந்தேன் என்பது பொய்யில்லை. ஆனால் அந்த அறையில் அன்றைக்குச் சாவியோடு நின்றது எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியாக இருந்திருந்தால், அந்தப் பயத்தோடேயே நான் வாயைத் திறந்திருப்பேன். அது எனக்கு அவர் கேட்ட உடனேயே தெரியும்.